ஒரு கிறுக்கலின் பூர்வோத்தரம்

ஒரு சொல் எங்கே பிறந்தது, யார் வயிற்றில் பிறந்தது என்று தெரியாமல் ஒரு நாகரிக தேசம் நிம்மதியாகத் தூங்க முடியாது. ஆகவே இங்கிலாந்தின் ஆல்டர்பிரிட்ஜ் நகரத்தில், மாதாகோவிலுக்குப் பின்னால், முன்பு குதிரை லாயமாக இருந்த கட்டடத்தில், இங்கிலீஷ் பாஷையின் சகல சொற்களுக்கும் ஜாதகம் கணிக்கும் மகா அகராதி அலுவலகம் நடந்துவந்தது. கிழ ராணி காலமாகி அவர் பிள்ளை பட்டத்துக்கு வந்த காலம் அது. 'ஏ' எழுத்தில் வேலையை ஆரம்பித்தவர்களில் பாதிப்பேர் 'ஜே' வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சப்பேர் தள்ளாடித் தள்ளாடி 'எஸ்' எழுத்துக்கு வந்திருந்தார்கள். அங்கே அவர்களை மறித்துக்கொண்டு நின்றது 'ஸ்க்ரால்' என்ற ஒரு சின்னச் சொல்.

அர்த்தத்தில் தகராறு இல்லை. கோழி கிளறின மாதிரி எழுதினால் அது ஸ்க்ரால். தமிழில் கிறுக்கல் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அங்கே அப்படிப் போய்விட முடியாது. சொல்லின் பூர்வோத்தரம் தெரிந்தாக வேண்டும். அதை எழுதும் பொறுப்பு ஹொரேஸ் பின்னாக் என்பவரிடம் வந்து சேர்ந்தது.

பின்னாக்குக்கு வாய்த்த பெரிய துரதிர்ஷ்டம் அவருடைய கையெழுத்து. முத்து முத்தாக இருக்கும். நம்மூர்ப் பள்ளிக்கூடமாயிருந்தால் வாத்தியார் வகுப்பு வகுப்பாகக் காட்டியிருப்பார். அந்த ஊரில் அது ஊனத்தோடு சேர்த்தி. அழகாக எழுதுகிறவன் எழுதிப் பிழைக்கிறவன்: குமாஸ்தா, மளிகைக் கடைக்காரன், பள்ளி வாத்தியார். பெரிய மனிதன் எழுதினால் பிறத்தியாருக்குப் புரியக் கூடாது. அந்த மாவட்டத்து பிஷப் அனுப்பும் சுற்றறிக்கையை ஒரு பாதிரியாராலும் படிக்க முடியாது. அவரவர் மனம்போலப் பிரசங்கம் செய்தார்கள், மதம் செழித்து வளர்ந்தது. மேலே உட்கார்ந்து நம் தலையெழுத்தை எழுதுகிறவனும் பெரிய பதவிக்காரன்தான், இல்லாவிட்டால் இத்தனை யுகமாக அதை ஒருத்தராவது படித்திருக்க மாட்டார்களா?

ஆக, அலுவலகத்தில் உதவிப் பதிப்பாளர் பதவி ஒவ்வொரு தடவை காலியாகும்போதும் பின்னாக்கைத் தாண்டிப் போனது. அவருக்கு அந்தப் பதவி பேராசைக்காக வேண்டியிருக்கவில்லை, கல்யாணத்துக்காக வேண்டியிருந்தது. பியானோ சொல்லிக்கொடுக்கும் ஹெஸ்டர் டன் என்ற பெண்ணுக்கும் அவருக்கும் நிச்சயமாகி ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. "உதவிப் பதிப்பாளர் ஆகு, அப்புறம் மோதிரத்தைப் பத்திப் பேசலாம்" என்று ஹெஸ்டரின் அப்பா, ஓய்வுபெற்ற மேஜர், சொன்னபோது அகராதி 'எல்' எழுத்தில் இருந்தது. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தோறும் இருவரும் ஆற்றங்கரையில் ஓர் அடி இடைவெளி விட்டு நடந்தார்கள்.

"இப்ப எந்தச் சொல்லுல இருக்கீங்க?" என்று ஹெஸ்டர் கேட்பாள்.

"ஸ்க்ரால்."

"போன மாசமும் அதைத்தானே சொன்னீங்க?"

"அது கொஞ்சம் பிடிவாதமான சொல்லு, ஹெஸ்டர்."

"பிடிவாதத்துல எங்கப்பாவை மிஞ்சிடுமா? 'இசட்' வர்றப்போ எனக்குப் பல்லே இருக்காது. கல்யாணக் கேக் வெட்டினா நீங்கதான் மென்னு குடுக்கணும்."

சிரிப்பாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தச் சிரிப்பு வர வர இளைத்துக்கொண்டே போனது.

*

ஸ்க்ராலைப் பற்றி அவர் எழுதிய குறிப்பு ரொம்பச் சின்னது. 'க்ரால்' என்றால் தவழ்வது. 'ஸ்ப்ரால்' என்றால் கைகாலைப் பரப்பிக்கொண்டு கிடப்பது. இரண்டும் கலந்து இது பிறந்திருக்கலாம். இதைத் தன் முத்துமுத்தான எழுத்தில் எழுதிப் பேராசிரியர் கிரிம்வேட்டின் மேஜைமேல் வைத்தார். கிரிம்வேட் அந்த லாயத்தின் தலைவர். மீசை பெரிசு, படிப்பு அதைவிடப் பெரிசு. அவர் குறிப்பைப் படித்தார். முகம் கடுகடுத்தது.

"என்ன பின்னாக், படிச்ச உடனே புரியுதே?"

"ஆமா சார்."

"அதைத்தான் கேக்கறேன். ஏன் புரியுது?"

பின்னாக் குறிப்பை இன்னொரு தரம் எட்டிப் பார்த்தார்.

"தவழறது ஒண்ணு, கிடக்கறது ஒண்ணு, ரெண்டும் சேர்ந்து குட்டி போட்டுச்சு. இது தெருவுல மீன் விக்கிறவளுக்கும் தோணுமே. அப்ப நாம எதுக்கு இருக்கோம்? லாயத்துல மறுபடியும் குதிரையைக் கட்டிடலாமா?"

"வேண்டாம் சார்."

பேராசிரியருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஸ்காட்லாந்துக்கு மீன் பிடிக்கப் போகிறார். நின்றவாக்கில் ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, பேனாவை ஒரு முக்கு முக்கி, ஸ்க்ராலின் உண்மையான வரலாற்றை ஒரே இழுப்பில் எழுதினார். "இதுதான். அச்சுக்கு அனுப்புங்க" என்று சொல்லித் தூண்டில் கம்புகளோடு வண்டியேறிவிட்டார்.

பின்னாக் சீட்டைப் பார்த்தார். இடதுபுறம் ஒன்று எழுந்து நின்றது. நடுவில் எல்லாம் படுத்துக்கொண்டது. வலது ஓரத்தில், மைக்கூட்டில் விழுந்த பூச்சி தப்பித்து ஓடிய தடம் மாதிரி ஏதோ இருந்தது. எழுத்து என்று தைரியமாகச் சொல்லக்கூடியதாக ஒன்றும் அகப்படவில்லை.

அலுவலக விதிப்படி, அச்சுக்குப் போகும் எந்தச் சீட்டையும் உள்ளே இருக்கும் எல்லோரும் படித்து, 'படித்தேன், ஒத்துக்கொள்கிறேன்' என்று பின்னால் கையொப்பமிட வேண்டும். சீட்டு மேஜை மேஜையாகப் போனது. ஒவ்வொருவரும் கண்ணாடியைத் துடைத்தார், ஜன்னல் பக்கம் திரும்பினார், தலையை ஆட்டினார், கையொப்பமிட்டார். அந்தக் கையொப்பங்களையும் படிக்க முடியவில்லை என்பது வேறு விஷயம். மூத்தவரான வில்காக்ஸ் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ரசித்தார்.

"என்ன எழுதியிருக்கார் சார்?" என்று பின்னாக் மெல்லக் கேட்டார்.

"கிரிம்வேட் எழுதினா ஆழம் இருக்கும்யா."

"ஆழம் தெரியுது சார். அடியில என்ன கிடக்குன்னுதான்..."

"பின்னாக், நீங்க எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சீங்க?"

அந்த ஊரில் ஒரு மனிதனின் வாயை மூட இந்தக் கேள்வி போதும். பின்னாக் நகராட்சிப் பள்ளியில் இலவசமாகப் படித்தவர். வாயை மூடிக்கொண்டார்.

வாயை மூடத் தெரியாதவர் அச்சகத்து ஃபோர்மன் ஒருவர்தான். அவருக்கு இழக்கக் கௌரவம் ஒன்றுமில்லாததால், சீட்டைத் திருப்பி அனுப்பி, 'இது எழுத்தா, மை கொட்டியதா?' என்று கேட்டிருந்தார். அலுவலகம் கொதித்துப்போனது. நிர்வாகக் குழு உடனே கூடி ஆணை பிறப்பித்தது:

'மேற்படி சீட்டு ஐயந்திரிபறத் தெளிவாக உள்ளதென அலுவலர் அனைவரும் கையொப்பமிட்டுச் சான்றளித்துள்ளபடியால், அச்சகத்தாரின் பார்வைக் குறைபாட்டை முன்னிட்டும், கருணை அடிப்படையிலும், அன்னாருக்கு ஒரு நல்ல பிரதி எழுதி வழங்குமாறு திரு. பின்னாக் பணிக்கப்படுகிறார். இப்பணியைச் செவ்வனே முடிக்கும்பட்சத்தில், தற்போது காலியாகவுள்ள உதவிப் பதிப்பாளர் பதவிக்கு அவர் பெயர் தக்க பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படும்.'

வாழ்நாளில் முதல் தடவையாக நல்ல கையெழுத்தால் ஒரு நன்மை. பிரதி எழுதிவிட்டால் பதவி, பதவி வந்தால் மேஜர், மேஜர் இறங்கினால் ஹெஸ்டர். பிரதி எழுத மூலத்தைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

*

படிக்க முடியாததைப் படிக்கிறவர் ஊரில் ஒருவர் உண்டு. மருந்துக் கடை டாப்லி, கல்யாணமாகாதவர். ஊரிலுள்ள மூன்று வைத்தியர்களின் சீட்டையும் இருபது வருஷமாகப் படித்து மருந்து கொடுக்கிறவர். பின்னாக் கடைக்குப் போய்ச் சீட்டை நீட்டினார். டாப்லி அதை ஒரு பார்வை பார்த்தார், பின்னாக்கை இரண்டு பார்வை பார்த்தார், உள்ளே போய் ஒரு சீசாவோடு வந்தார்.

"சாப்பாட்டுக்கு அப்புறம் மூணு வேளை. குலுக்கிட்டுக் குடிங்க. ராத்திரி பன்றிக்கறி வேண்டாம்."

"இது மருந்துச் சீட்டு இல்லீங்க. ஒரு சொல்லோட வரலாறு."

"அப்படியா? இருந்தாலும் குடிங்க. உங்களுக்கு ஈரல் சரியில்லை."

"அதுல அப்படியா எழுதியிருக்கு?"

டாப்லி கடை வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீங்க படிச்சவர், உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. சீட்டைப் படிச்சு யாருங்க மருந்து குடுப்பாங்க? அதை எழுதினவராலேயே படிக்க முடியாதே. நான் ஆளைப் பாப்பேன். மூஞ்சி மஞ்சளா இருந்தா ஈரல், செவப்பா இருந்தா ரத்தம், வெளுத்திருந்தா காதல். ஆளுக்கு எது வேணுமோ அதைக் குடுக்கறேன்."

"தப்பாப் போனா?"

"வைத்தியர் பேரு கெடும். சீட்டு அவரோடதுதானே?"

பின்னாக் சீசாவுக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தார். மருந்து நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் ஸ்க்ரால் நின்ற இடத்திலேயே நின்றது.

அடுத்து மிஸஸ் கிரிம்வேட். முப்பது வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளுக்குப் புருஷன் எழுத்து தெரியாமலா இருக்கும்? தனியாகப் போனால் ஊர் பேசும் என்று ஹெஸ்டரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு டீ நேரத்துக்குப் போனார். மிஸஸ் கிரிம்வேட் கேக்கை வெட்டித் தட்டில் வைத்துவிட்டுச் சீட்டை வாங்கினாள். அவள் முகம் ஏனோ கனிந்தது.

"எனக்கு வந்த முதல் கடிதமும் இப்படித்தான் இருந்துச்சு" என்றாள்.

"அப்ப உங்களால படிக்க முடியுது மேடம்?"

"ஐயோ, இல்லப்பா. அவர் ரெண்டு தடவை எங்க வீட்டுக்கு விருந்துக்கு வந்தார். மூணாம் நாள் நாலு பக்கத்துக்கு ஒரு கடிதம். அம்மா பாத்தா, அப்பா பாத்தார், வக்கீலும் பாத்தார். ஒரு சொல்லு கூட நகரலை. எனக்கும் வயசாயிட்டிருந்தது. கல்யாணத்துக்குக் கேக்கறார்னு எடுத்துக்கிட்டு, சம்மதம்னு பதில் எழுதிட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?" என்று ஹெஸ்டர் முன்னால் சாய்ந்து கேட்டாள்.

"மோதிரத்தோட வந்தார். முகத்துல கொஞ்சம் ஆச்சரியம் இருந்துச்சு. எங்க வீட்டுல விட்டுட்டுப் போன குடையைக் கேட்டிருந்தாரோ என்னமோ. அவரும் சொல்லலை, நானும் கேக்கலை. குடை இன்னும் எங்கம்மா வீட்டுலதான் இருக்கு." ஹெஸ்டரின் தட்டில் இன்னொரு துண்டு கேக்கை வைத்தாள். "படிக்க முடியாத கடிதம் கடவுள் குடுக்கற வரம், கண்ணு. நமக்கு எது வேணுமோ அதை அதுல படிச்சுக்கலாம்."

ஹெஸ்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. பின்னாக்கும் கூடச் சிரித்து வைத்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் எதையோ கணக்குப் போடுகிறவள் மாதிரி நடந்துவந்தாள்.

*

பிரதி எழுதப்படாமலே பேராசிரியர் ஊர் திரும்பிவிட்டார். வரும் வழியில் கடற்கரை விடுதியில் நண்டு சாப்பிட்டிருக்கிறார். மீசையில் கொஞ்சம் தங்கியிருந்தது. நேராக லாயத்துக்கு வந்து, ஏன் ஸ்க்ரால் அச்சேறவில்லை என்று குதித்தார். எல்லோரும் பின்னாக்கைக் கைகாட்டினார்கள்.

"சார், ஒரே ஒரு தடவை உங்க வாயால வாசிச்சுட்டீங்கன்னா..." என்று பின்னாக் சீட்டை நீட்டினார்.

பேராசிரியர் அதை வாங்கினார். கண்ணாடியைத் துடைத்தார். ஜன்னல் பக்கம் திரும்பினார். தலையை ஆட்டினார். பின்னாக் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. அப்புறம் ஞாபகம் வந்தது: சீட்டு சுற்றுக்குப் போனபோது மேஜைக்கு மேஜை பார்த்த அதே முகம்.

"கண்ணாடி மாதிரி இருக்கே" என்றார் பேராசிரியர், சீட்டைத் திருப்பி நீட்டி. "நான் எதுக்கு வாசிக்கணும்? நீங்க வாசிங்க, நான் கேக்கறேன்."

லாயமே பின்னாக்கைப் பார்த்தது. அப்போதுதான் டாப்லியின் வைத்தியம் நினைவுக்கு வந்தது. பின்னாக் சீட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தார். கடல் காற்றில் சிவந்த முகம். திருப்தியான வயிறு. மீசையில் நண்டு.

"வட கடற்கரை மீனவர் பேச்சுல..." என்று மெல்ல ஆரம்பித்தார். பேராசிரியர் கண்களில் ஒரு வெளிச்சம் வந்தது. "சின்ன நண்டுக்கு வழங்கிய ஒரு பழஞ்சொல்லிலிருந்து. ஈர மணலில் நண்டு ஓடினால் விழும் தடம். அதிலிருந்து ஒழுங்கற்ற எழுத்துக்கு ஆகி வந்தது."

"அதேதான்" என்றார் பேராசிரியர், பெருமூச்சு விட்டு. "அட்சரம் பிசகாம வாசிச்சுட்டீங்க. வில்காக்ஸ், நான் இப்படித்தானே எழுதியிருந்தேன்?"

"பாத்த உடனே நண்டுன்னு தெரிஞ்சுது சார்" என்றார் வில்காக்ஸ்.

நண்டு அச்சேறியது. பத்திரிகைகள் பாராட்டின. பிஷப் அதை வைத்து ஒரு பிரசங்கம் செய்ததாகச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் நண்டைச் சொல்லத் தெரியாத பிள்ளைகள் கையில் பிரம்படி வாங்கினார்கள். ஹொரேஸ் பின்னாக் உதவிப் பதிப்பாளர் ஆனார்.

ஆனால் பதவியோடு இன்னொரு ஆணையும் வந்தது. 'உதவிப் பதிப்பாளரின் கடிதங்கள் வெளியாரின் பார்வைக்குச் செல்பவை. அவற்றை எவரும் எளிதில் படித்துவிடும் நிலை இப்பதவியின் கண்ணியத்துக்குக் குந்தகம் விளைவிப்பதாகும். அன்னார் உடனடியாக ஆவன செய்துகொள்ளவேண்டியது.'

பின்னாக் ஆவன செய்துகொண்டார். இடது கையால் எழுதிப் பார்த்தார், கம்பளி உறை போட்டுக்கொண்டு எழுதிப் பார்த்தார், ஓடுகிற ரயிலில் நின்றுகொண்டு எழுதிப் பார்த்தார். முத்துக்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கடைசியில் ஒருநாள், தான் எழுதிய கடைக் குறிப்பைத் தானே படிக்க முடியாமல், வெண்ணெய்க்குப் பதில் ஷூ பாலிஷ் வாங்கி வந்தார். அன்றைக்கு அவருக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அந்தப் புதுக் கையெழுத்தில் எழுதும் முதல் கடிதம் ஹெஸ்டருக்குத்தான் என்று தீர்மானித்தார். நேரில் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் உதவிப் பதிப்பாளர் எழுதிக் கேட்பதல்லவா முறை? மேஜர் இறங்கிவந்ததை, வீடு பார்த்திருப்பதை, வசந்த காலத்தில் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம் என்பதை, அதுவரை வாய்விட்டுச் சொல்ல வராத பிரியத்தையெல்லாம் நாலு பக்கத்துக்குக் கொட்டித் தபாலில் போட்டார்.

பதில் சீக்கிரமே வந்தது. உறைக்குள் அவருடைய நாலு பக்கமும் திரும்பி வந்திருந்தது. கூடவே ஹெஸ்டரின் கடிதம், பள்ளிக்கூடத்துத் தெளிவான எழுத்தில்.

'அன்புள்ள ஹொரேஸ், உங்கள் கடிதம் எனக்குப் படிக்க வரவில்லை. மிஸ்டர் டாப்லியிடம் கொண்டுபோனேன். அவர் கடிதத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நீங்கள் என்னை நிச்சயதார்த்தத்திலிருந்து விடுவிப்பதாக எழுதியிருக்கிறீர்கள் என்றார். எனக்கும் அப்படித்தான் படிக்கத் தோன்றியது. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு இப்படி ஒரு பெரிய மனது யாருக்கு வரும்? ஈஸ்டருக்குப் பிறகு மிஸ்டர் டாப்லியும் நானும் கல்யாணம் செய்துகொள்கிறோம். அவசியம் வரவேண்டும்.'

பின்னாக் தன் கடிதத்தைப் பிரித்து மேஜைமேல் பரப்பினார். கல்யாணம் என்ற சொல்லைத் தேடினார். வசந்தம் என்ற சொல்லைத் தேடினார். பூதக்கண்ணாடி வைத்துத் தேடினார். ஒரு சொல்லும் அகப்படவில்லை. பிரியம் என்று எழுதிய இடத்தில் இரண்டு கோடும் ஒரு மைச்சொட்டும் இருந்தன.

"என்ன பின்னாக், ஏதாவது தொல்லையா?" பேராசிரியர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். வில்காக்ஸும் வந்தார். ஒவ்வொருவராக எல்லோரும் வந்தார்கள்.

"ஒண்ணுமில்லை சார். நான் ஒரு பெண்ணுக்கு எழுதின கடிதம். அவங்க அதை வேற மாதிரி..."

"படிக்க முடியலைங்கறாங்களா?" பேராசிரியர் புருவம் உயர்ந்தது. "அப்படியா எழுதியிருக்கீங்க?"

ஆமாம் என்றால், எழுதியவராலேயே படிக்க முடியாத எழுத்தும் உண்டு என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அப்புறம் நண்டு என்னாவது? லாயம் என்னாவது?

பேராசிரியர் கடிதத்தை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்தார். ஜன்னல் பக்கம் திரும்பினார். "கண்ணாடி மாதிரி இருக்கே. வாசிங்க, கேப்போம்."

பின்னாக் கடிதத்தைப் பார்க்கவில்லை. சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார்.

"உங்களை விடுவிக்கிறேன்னு எழுதியிருக்கேன் சார்."

"அதேதான்" என்றார் பேராசிரியர்.

பழக்கதோஷத்தில் யாரோ கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் கையொப்பமிட்டார்கள். அது மேஜை மேஜையாகப் போனது. எல்லோரும் படித்தார்கள், எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கடைசியில் பின்னாக்கிடம் வந்தது. அவரும் கையொப்பமிட்டார்.